கடோலினிய எச்சம்

கடோலினிய எச்சம் என்பது, காந்த அதிர்வு அலை வரைவின் (எம்.ஆர்.ஐ.) போது சிரை வழியே செலுத்தப்படும் கான்ட்ராஸ்ட் மருந்திலிருந்து உடல் திசுக்களில் தங்கிவிடும் கடோலினியம் என்னும் உலோகத்தைக் குறிக்கும். மூளை, எலும்பு, தோல் ஆகியவற்றில் இது கண்டறியப்பட்டுள்ளது.

தங்குவதற்கான காரணம்

கடோலினியம் அணு எண் 64 கொண்ட அருமண் உலோகம் ஆகும். இதன் அயனியில் இணையற்ற 7 எதிர்மின்னிகள் இருப்பதால் வலுவான காந்தப் பண்பு கொண்டது; அருகிலுள்ள நீரின் குறிகையை மிகுவித்துப் படத்தில் அப்பகுதியை வெண்மையாகக் காட்டும். ஆனால் தனி அயனி நச்சுத்தன்மை உடையது. அளவில் கால்சிய அயனியை ஒத்திருப்பதால் உயிரணுக்களில் கால்சியத்தின் பணியைத் தடுக்கும். எனவே மருந்தில் ஒரு கரிம மூலக்கூறு அதனை நண்டின் கொடுக்குப் போலப் பற்றியிருக்கும். இது கொடுக்கிணைப்பு எனப்படும். சங்கிலி வடிவ மூலக்கூறுகளின் பிடி எளிதில் தளரக்கூடும். வளைய வடிவ மூலக்கூறுகளின் பிடி உறுதியானது. சிறுநீரகம் நலமாக உள்ளவர்களிடம் மருந்தின் பெரும்பகுதி 24 மணி நேரத்துக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும்.

வரலாறு

இவ்வகை மருந்துக்கு முதன்முதலாக அமெரிக்காவில் 1988-இல் ஒப்புதல் கிடைத்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தோல் தடித்து இறுகும் ஒரு புதிய நோய் 2000-இல் விவரிக்கப்பட்டது. இந்நோய்க்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரிய மருத்துவர் தாமஸ் குரோப்னர் 2006-இல் சுட்டிக்காட்டினார். அடுத்த ஆண்டு நோயாளிகளின் தோல் மாதிரிகளிலேயே அவ்வுலோகம் காணப்பட்டது.

பலமுறை இம்மருந்து பெற்றவர்களின் மூளைப் படங்களில் சில பகுதிகள், மருந்து செலுத்தாத நிலையிலும் வெண்மையாகத் தெரிவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். 2015-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள், குறைந்தது 4 முறை மருந்து பெற்று இறந்த 13 பேரின் மூளைத் திசுவில் ஒரு கிராமுக்கு 0.1 முதல் 58.8 மைக்ரோகிராம் வரை கடோலினியம் இருப்பதை அளந்தனர்.

கண்டறியும் முறைகள்

1. பிளாஸ்மா திணிவு நிறமாலையியல்: திசுவை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கி, திணிவின்படி பிரித்து எண்ணுவர். மிக நுண்ணிய அளவையும் காட்டும். ஆனால் திசு அழிந்துவிடும். உலோகம் எந்த வேதி வடிவில் இருந்தது என்பதும் தெரியாது.

2. சீரொளி (லேசர்) முறை: மெல்லிய திசுச் சீவலைச் சீரொளியால் புள்ளி புள்ளியாகச் சுரண்டி, அதே கருவிக்குள் அனுப்புவர். உலோகம் பரவியுள்ள இடங்களின் வரைபடம் கிடைக்கும்.

3. எதிர்மின்னி நுண்ணோக்கி: திசுவில் வெளிப்படும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு தனிமங்களை அடையாளம் காண்பர். கடோலினியம் பாஸ்பரசுடன் சேர்ந்து படிந்திருப்பதையும் இது காட்டும்.

இயற்கையா, மருந்தா?

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டுக் கனிமத்திலும் கடோலினியம் உண்டு. ஆனால் இயற்கையில் அது சமாரியம், டெர்பியம் போன்ற அண்டைத் தனிமங்களுடன் சேர்ந்தே காணப்படும். மருந்திலுள்ளதோ தூய்மைப்படுத்தப்பட்ட கடோலினியம். எனவே அண்டைத் தனிமங்களையும் அளந்தால் எச்சம் வந்த வழி புலப்படும். இவ்வடிப்படையில் 1996-இல் ஜெர்மானிய ஆறுகளில் மருத்துவக் கடோலினியம் கண்டறியப்பட்டது.

மருத்துவ முக்கியத்துவம்

திசுவில் உலோகம் இருப்பது வேறு, அதனால் நோய் உண்டாவது வேறு. சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் தோல் நோய்த் தொடர்பு உறுதியானது. சிறுநீரகம் நலமாக உள்ளவர்களிடம் மூளை எச்சத்தால் தீங்கு நேர்வதாக நிறுவப்படவில்லை. 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை சங்கிலி வடிவ மருந்துகள் சிலவற்றை நிறுத்திவைக்கவும் சிலவற்றை ஈரல் படங்களுக்கு மட்டும் அனுமதிக்கவும் பரிந்துரைத்தது. அமெரிக்கா அவற்றை விலக்காமல் எச்சரிக்கை மட்டும் விடுத்தது. ஒரே சான்றிலிருந்து இருவேறு முடிவுகள் பிறந்தமைக்கு, புற்றுநோய், மூளைக் கட்டி முதலியவற்றைக் கண்டறிவதில் இம்மருந்துகளின் பயன் பெரிது என்பதும் காரணமாகும்.