சுருண்ட ஈயம்

1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே இரண்டு ஈயத் தகடுகளை எடுத்து, நடுவே துணி வைத்து, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கினார். திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அந்தச் சுருள்தான். ஆனால் ஈயத்தின் மேல்தோல் மட்டுமே வேலை செய்தது. அதைப் பழக்கவே நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது.

1881-இல் காமில் ஃபோர் ஈய ஆக்ஸைடைக் குழைத்துத் தகட்டில் பூசினார். அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. பசை உதிராமலிருக்கத் தகடு சல்லடைச் சட்டமாயிற்று. ஈயம் வளையாமலிருக்க ஆண்டிமனி சேர்ந்தது. சட்டம் விறைத்தது, சுருள் போயிற்று. ஆண்டிமனியால் இன்னொரு தொல்லை: சார்ஜ் ஏறும்போது தண்ணீர் வாயுவாகக் கழிந்தது.

மெலிந்த தகட்டில் அமிலம் உள்வரை சட்டென்று போய்ச்சேரும். அதே எடை ஈயம் கூடுதல் மின்னோட்டம் தரும். ஆனால் நேர்மின் தகட்டின் சட்டத்தை அரிப்பு ஓயாமல் தின்கிறது. மெலிந்தது சீக்கிரம் இற்றுவிடும். இன்வெர்ட்டருக்கு டியூபுலர் பேட்டரி கேட்டு வாங்குகிறோமே, அதன் தடித்த ஈயத் தண்டுகள் இந்த அரிப்பைத் தாங்கத்தான்.

முடிச்சு அவிழ்ந்தது அமெரிக்காவின் டென்வரில், கேட்ஸ் ரப்பர் கம்பெனியில். ஜான் டெவிட்டும் டொனால்ட் மெக்லெலண்டும் செய்த காரியம் எனக்கு இன்றும் பேரழகாகப் படுகிறது. மெல்லிய ஈயத் தகடுகளுக்கு இடையே நுண்கண்ணாடி இழை விரிப்பை வைத்து இறுக்கிச் சுருட்டினார்கள். சுருளின் இறுக்கமே தாங்குவதால் விறைப்புக்கு ஆண்டிமனி வேண்டியதில்லை. தூய ஈயமே போதும். தூய ஈயத்தை அரிப்பு மெதுவாகத்தான் தின்னும். அமிலத்தை விரிப்பு உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆனால் முழுக்க நனையாது. காலியான நுண்துளைகள் வழியே ஆக்சிஜன் எதிர்மின் தகட்டுக்குப் போய் மறுபடி தண்ணீராகும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம், கவிழ்த்தாலும் சிந்தாது. காப்புரிமை 1975-இல் கிடைத்தது.

மூடிய ஈய பேட்டரி மேசைக்கு மேலும் ஏறியது. 1989-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் போர்ட்டபிள் கணினி அதைச் சுமந்தது. மொத்த எடை 7 கிலோவுக்கு மேல். 1991-இல் வந்த பவர்புக் 100-இலும் ஈயம்தான், ஆனால் எடை 2.3 கிலோ. மடியில் வைக்கும் அளவுக்கு மெலிந்துவிட்டது. அதே ஆண்டு சோனி உருளை வடிவ லித்தியம்-அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த உருளையின் உள்ளே இருந்ததும் இரண்டு மெல்லிய தகடுகள், நடுவே ஒரு பிரிப்பான், சேர்த்துச் சுருட்டிய சுருள்.