கட்டளை வரிசையாக்கம் (வன்தட்டு)
வன்தட்டுக்கு வரும் படிப்பு, எழுத்துக் கட்டளைகளை வந்த வரிசையில் அல்லாமல் விரைவாக முடியும் வரிசையில் நிறைவேற்றும் முறை. சாட்டா இணைப்புள்ள வட்டுகளில் இம்முறையைத் தரும் என்.சி.கியூ. வசதியில் 32 கட்டளைகள் வரை காத்திருக்கலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்று 8.33 மில்லிநொடி; வேண்டிய பகுதி படிக்கும்-எழுதும் தலையைச் சற்று முன் தாண்டிவிட்டால் ஏறக்குறைய அவ்வளவு நேரமும் வீண். தட்டு அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது வட்டின் கட்டுப்படுத்திக்கே துல்லியமாகத் தெரியும், இயங்குதளத்துக்குத் தெரியாது. அருகிலிருப்பவற்றையே கவனித்தால் தொலைவிலுள்ள கட்டளை தேங்கிப்போகும். இயங்குதள அளவில் லினக்ஸின் டெட்லைன் திட்டமிடி இதைத் தடுக்கவே படிப்புக்கு 500 மில்லிநொடி, எழுத்துக்கு 5 நொடி என இயல்புக் கெடு வைக்கிறது. வரிசை மாறுவதால் வரும் உண்மையான ஆபத்து எழுத்தில்தான்: தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டுக்கு முன்பே தரவு தட்டில் ஏறி, அந்நேரம் மின்சாரம் போனால் கோப்பு சிதையலாம். அவ்விடங்களில் வட்டின் தேக்கக நினைவகத்தில் உள்ளதைத் தட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் கட்டளையை மென்பொருள் கட்டாயம் அனுப்ப வேண்டும்.