இருபது கிலோ: ஒரு கோடு பிறந்த கதை

வாளையாறு எக்சைஸ் செக்போஸ்டில் கோயம்புத்தூர் பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக்கு அடியில் ஒரு பை. பைக்குள் பழுப்பு டேப் சுற்றிய கஞ்சாப் பொட்டலங்கள். மொத்தம் 20 கிலோவுக்குள் இருந்தால், சிக்கியவருக்கு அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. எவ்வளவு குறைக்கலாம் என்பது நீதிபதியின் விருப்பம். ஜாமீனுக்கும் வழக்கமான வழி திறந்திருக்கும். நூறு கிராம் கூடிவிட்டால் எல்லாம் மாறிவிடும். குறைந்தபட்சமே 10 ஆண்டு, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. குற்றப்பத்திரிகைக்குப் போலீஸுக்கு 180 நாள் அவகாசம். ஜாமீன் வேண்டுமென்றால், விசாரணை தொடங்கும் முன்பே ‘இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப இடமிருக்கிறது’ என்று நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும்.

வாளையாறு, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழக எல்லையை ஒட்டிய அத்தனை சோதனைச் சாவடிகளிலும் ஆளின் தலையெழுத்தை இந்த 20 கிலோதான் எழுதுகிறது.

கஞ்சாவைக் கண்டாலே சிறை என்ற எண்ணம் இந்த நாட்டில் பழையதல்ல. 1893-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த சணல் போதைப்பொருள் ஆணையம் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்றது. 1930-ல் வந்த அபாயகர மருந்துகள் சட்டத்திலும் முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டுதான்.

காற்று திசை மாறியது 1961-ல். ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையை ஏற்ற இந்தியா, மருத்துவத்துக்கு அல்லாத கஞ்சாப் பழக்கத்தை ஒழிக்க 25 ஆண்டு தவணை பெற்றது. தவணை முடியும் முன்பே, 1985 நவம்பர் 14 அன்று, போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் (என்.டி.பி.எஸ்.) அமலுக்கு வந்தது. ஹெராயினுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு. சொந்த உபயோகத்துக்கான ‘சிறிய அளவு’ என்று ஒதுக்கியது கால் கிராம் மட்டுமே. அதையும் சொந்த உபயோகத்துக்குத்தான் என்று குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். அரை கிராமோடு பிடிபட்ட அடிமைக்கும் ஆறு கிலோ கடத்திய வியாபாரிக்கும் ஒரே தண்டனை வாசல். 1989 திருத்தம் ஜாமீனையும் இறுக்கியது. இரண்டாம் முறை சிக்கும் பெரிய கடத்தல்காரருக்குத் தூக்கையும் கொண்டுவந்தது.

சிறைகள் நிறைந்தன. நிறைந்ததில் அடிமைகளும் கூலிக்குச் சுமப்பவர்களும் ஏராளம். குற்றத்துக்கு ஏற்ற தண்டனை வேண்டும் என்று 2001-ல் சட்டம் திருத்தப்பட்டது. சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் நடுவே ஒன்று என மூன்று படிகள் வந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 19 தேதியிட்ட மத்திய அரசிதழ் அறிவிக்கை ஒவ்வொரு பொருளுக்கும் சிறிய அளவு, வணிக அளவு என இரண்டு எண் போட்டது. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கஞ்சாச் செடியின் பிசினான சரஸுக்கு 100 கிராம், ஒரு கிலோ. கஞ்சாவுக்கு ஒரு கிலோ, 20 கிலோ. நம் கோடு பிறந்தது அந்தப் பட்டியலில்தான்.

ஹெராயின் வழக்குகளுக்கு இது நிவாரணம். கஞ்சாவுக்கு பாதி நிவாரணம், பாதி இடி. 1985 சட்டத்தில் எத்தனை மூட்டை கஞ்சா பிடிபட்டாலும் அதிகபட்சம் 5 ஆண்டுதான். திருத்தத்துக்குப் பின் 20 கிலோவுக்கு மேல் என்றால் தொடக்கமே 10 ஆண்டு. தண்டனையைச் சீர்செய்ய வந்த சட்டம், கஞ்சா வழக்குகளில் பழைய உச்சத்தைப் போல இரண்டு மடங்கைத் தொடக்கப் புள்ளியாக வைத்தது.

கோடு போட்டதும் அடுத்த சண்டை எடையில் மூண்டது. கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு ஹெராயின் வழக்கில் பிடிபட்ட பொடி சுமார் 4 கிலோ. பரிசோதனையில் சுத்த ஹெராயின் 60 கிராம்தான் தேறியது. சுத்தமான சரக்கை மட்டும் கணக்கில் எடுங்கள் என்று 2008-ல் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு 2009-ல் புது அறிவிக்கை போட்டு, கலவை முழுவதும் சேரும் என்றது. 2020-ல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அரசின் பக்கம் நின்றது.

கஞ்சாவில் வேறு மாதிரிச் சிக்கல். சட்டப்படி பூத்த, காய்த்த நுனிதான் கஞ்சா; நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. மூட்டையிலோ தண்டும் இலையும் கலந்தே கிடக்கும். சாக்கோடு நிறுத்தார்களா, சாக்கைக் கழித்தா? எல்லாப் பொட்டலத்திலும் மாதிரி எடுத்தார்களா? கோட்டை ஒட்டிய வழக்கில் வக்கீல் கேட்கும் இந்தக் கேள்விகளில் பத்து ஆண்டு தொங்குகிறது. மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும் என்று 2016-ல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது.

கோட்டின் பெரிய குறை வேறு. ஒருகாலத்தில் இடுக்கி மலைகளிலேயே விளைந்த கஞ்சா இப்போது பெரும்பாலும் ஆந்திர, ஒடிசா மலைகளிலிருந்து வருகிறது. சுமந்து வருகிறவருக்குக் கிடைப்பது கூலி. முதல் போட்டவர் செக்போஸ்ட் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. பணம் போட்டவருக்கு 27ஏ பிரிவில் 10 முதல் 20 ஆண்டு. 20 கிலோவுக்கு மேல் சுமந்தவருக்கும் அதே 10 முதல் 20 ஆண்டு. தண்டனையைக் கூட்டுவதற்கான காரணங்களை 32பி பிரிவு வரிசையாக அடுக்குகிறது. பத்துக்குக் கீழே குறைப்பதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை.

இங்கிலாந்தில் 2012 முதல் நீதிபதிகள் எடையோடு பங்கையும் பார்க்கிறார்கள்: தலைமையா, முக்கியப் பங்கா, சிறு பங்கா என்று. இங்கே 2023-ல் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பில்லாமல் ஏழு ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தவருக்கு ஜாமீன் கொடுத்து, கடுமையான பிரிவும் நீண்ட காவலை நியாயப்படுத்தாது என்றது. அது ஜாமீனுக்கான கதவு மட்டுமே.

எடைக்குக் கோடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் போட்டது நாடாளுமன்றம் தந்த அதிகாரம். கூலிக்குச் சுமந்தவர் என்று நிரூபணமானால் பத்து ஆண்டுக்குக் கீழே இறங்க நீதிபதியை அனுமதிக்கும் ஒரு பிரிவையும் அதே நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும்.