ஓடினால்தான் வெளிச்சம்! (ரயில் டைனமோ ஆல்டர்னேட்டர் ஆன கதை)



ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்தில் பழைய நீலநிற ரயில் நின்றால், அடுத்த முறை பெட்டிக்கு அடியில் பாருங்கள். சக்கர அச்சிலிருந்து ஒரு குண்டு மெஷினுக்கு நாலு பெல்ட் போகும். அதுதான் ஆல்டர்னேட்டர். நம் தலைக்கு மேல் சுற்றும் விசிறிக்கு கரண்ட் இன்ஜினிலிருந்து வருவதில்லை, இங்கிருந்துதான் வருகிறது. சக்கரம் சுற்றினால் பேட்டரி சார்ஜ் ஆகும், நின்றால் பேட்டரி செலவாகும்.

அந்த இடத்தில் முன்பு இருந்தது டைனமோ. 1890களில் இங்கிலாந்தின் ஜே. ஸ்டோன் கம்பெனி இந்த முறையைக் கொண்டு வந்தது. வண்டி வேகமாகப் போனால் கரண்ட் அதிகமாகி பல்பு போய்விடுமே? அதற்கு அவர்கள் செய்த வழி எளிமையானது. டைனமோவை ஊஞ்சல் மாதிரி தொங்க விட்டார்கள். ஒரு வேகத்துக்கு மேல் பெல்ட் வழுக்கும், கரண்ட் ஏறாது!

ஆனால் டைனமோவுக்குக் குறைகள் நிறைய. கார்பன் பிரஷும் கம்யூட்டேட்டரும் தேயும். மெதுவாகப் போகும்போது கரண்ட் போதாது. வண்டி எதிர்த்திசையில் கிளம்பினால் பிளஸ், மைனஸ் மாறிவிடும், அதைச் சரிசெய்யத் தனி ஏற்பாடு வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு சாதாரண வகுப்புக்கும் விசிறி வந்தது. விசிறி கூடக்கூட டைனமோவின் பாரமும் கூடியது.

சிலிக்கான் டயோடு வந்த பிறகுதான் விடிவு. ஆல்டர்னேட்டர் ஏ.சி. கரண்ட் தரும், டயோடு அதை டி.சி. ஆக்கும். எந்தத் திசையில் சுற்றினாலும் கவலையில்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பிப் போகாமலும் டயோடே தடுத்துவிடும். ரயிலில் போட்ட வகையில் சுழலும் பாகத்தில் காயிலே கிடையாது, அதனால் பிரஷும் இல்லை. கொல்லம் பக்கத்தில் குண்டறாவில் உள்ள கேரள அரசின் கெல் நிறுவனம் இவற்றைத் தயாரித்தது.

மெஷினை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. சாதாரணப் பெட்டிக்கு 4.5 கிலோவாட். பழைய 24 வோல்ட்டிலேயே அதை எடுத்தால் சுமார் 187 ஆம்பியர் ஓடும், கை தடிமனுக்கு ஒயர் வேண்டும். 120 வோல்ட்டில் 37.5 ஆம்பியர் போதும். அதனால் 110 வோல்ட் முறைக்கு மாறினார்கள். பேட்டரி, விசிறி, பல்பு, ரெகுலேட்டர், பெல்ட் எல்லாமே மாறின. சின்னப் பாய்மரப் படகின் டீசல் இன்ஜினில் பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டுபவருக்கும் இதே பாடம்தான். பெல்ட்டும் ஒயரும் ரெகுலேட்டரும் தாங்காவிட்டால் புது மெஷின் வீண்.

இந்தக் கதையில் பெரிய கண்டுபிடிப்பாளர்களை விட எனக்குப் பிடித்தவர்கள் வேறு. நாகப்பட்டினத்திலிருந்து 1920களின் கடைசியில் நம் பொன்மலைக்கு வந்த ஒர்க்‌ஷாப் மாதிரி இடங்களில், பெட்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் கையோடு வேலை பார்த்தவர்கள். பெல்ட்டுகள் அறுந்து பேட்டரியும் தீர்ந்தால் 72 பேர் இருட்டில் வேர்க்க வேண்டியதுதான்.

2018 ஜனவரியோடு பெரம்பூர் ஐ.சி.எஃப். பழைய வடிவப் பெட்டிகள் செய்வதை நிறுத்திவிட்டது. இப்போது வரும் எல்.எச்.பி. ரயில்களுக்கு பவர் கார் அல்லது மின்சார இன்ஜின் வழியாக கரண்ட் வருகிறது. பெல்ட் ஓடும் பெட்டிகள் குறைந்துகொண்டே போகின்றன. அதற்குள் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள் நண்பர்களே :-)