தொலைந்த சபதம்

பள்ளியில் செஜாரா பாடத்தில் கஜா மாடாவின் சபதத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் மஜாபாஹிட்டின் முதலமைச்சர், நுசந்தாராவைத் தன் அரசுக்குக் கீழ் கொண்டுவரும்வரை 'பலாப்பா'வைத் தொடமாட்டேன் என்றாராம். பலாப்பா என்பது மசாலாவா, ஓய்வா, சுகமா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. "பெரிய வீட்டுப் பிள்ள, சோத்துல கோவிச்சுக்குது" என்றான் பக்கத்திலிருந்தவன். பராரத்தோன் நூல் தரும் அந்தச் சபதப் பட்டியலில் பகாங்கும் துமாசிக்கும் இருப்பதை வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன். துமாசிக் என்றால் சிங்கப்பூர். ஜெயிக்கப்படவேண்டிய ஊர்களாக நாமும் அதில் இருக்கிறோம்.

1976இல் இந்தோனேசியா தன் முதல் தகவல்தொடர்புத் துணைக்கோளை ஏவியது. அதற்குச் சுஹார்த்தோ வைத்த பெயர் பலாப்பா. ஆயிரக்கணக்கான தீவுகளுக்கும் கம்பி இழுத்து மாளாது. கஜா மாடா கப்பல் அனுப்பிய இடங்களுக்கு இவர்கள் அலைவரிசை அனுப்பினார்கள்.

1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்ணோடம் அமெரிக்காவின் வெஸ்டார் 6ஐ வெளியே விட்டது. 36,000 கிலோமீட்டர் உயரத்தை நோக்கி அதைத் தள்ளவேண்டிய மோட்டார் முழுதாக எரியாமல் அணைந்தது. அதே வகை மோட்டாரோடு பலாப்பா பி2 காத்திருந்தது. சில நாள் தள்ளிப்போட்டார்கள், பிறகு அதையும் விட்டார்கள். அதுவும் அப்படியே போச்சு. இரண்டு துணைக்கோள்களும் நல்லாத்தான் இருந்தன, சேரவேண்டிய இடத்தில்தான் இல்லை. காப்புறுதிக்காரர்கள் பணத்தைக் கட்டினார்கள். உரிமை அவர்கள் கைக்குப் போனது.

நவம்பரில் டிஸ்கவரி அவற்றைப் பிடிக்கப் போனது. பலாப்பாவில் மாட்டவேண்டிய பிடிமானம் பொருந்தவில்லை. வீரர் ஜோ ஆலன், கிட்டத்தட்ட ஒன்றரை மணிநேரம் அதைக் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் மீட்டு முடித்ததும் டேல் கார்ட்னர் 'விற்பனைக்கு' என்ற பலகையைக் காட்டிப் படமெடுத்துக்கொண்டார்.

நல்ல நகைச்சுவைதான். ஆனால் அந்தப் படத்தில் என் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு தேசம் தன் பழம்பெருமையிலிருந்து எடுத்து வைத்த பெயர் அங்கே சரக்காகக் கிடக்கிறது.

வெஸ்டார் 6, ஆசியாசாட் 1 ஆகி 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் ஏறியது. ஸ்டார் டிவி அதன்வழியாகத்தான் ஆசிய வீடுகளுக்குள் வந்தது. அதே மாதம் பலாப்பாவும் அமெரிக்க ராக்கெட்டில் மேலே போய், மறுபடி இந்தோனேசியாவுக்கே உழைத்தது.

எனக்கு மறக்காதது ஆலனின் அந்த ஒன்றரை மணிநேரம். பூமியை ஏறக்குறைய ஒருமுறை சுற்றிவரும் நேரம் அது. நம் ஊர்களையும் கேட்ட அந்தச் சபதத்தின் பெயரை ஒரு மனிதர் வெறும் கையில் தாங்கி நின்றார். அப்போது அது எந்த அரசுக்கும் சொந்தமில்லை.