கத்தியும் தண்ணியும்: லோயர் கேம்ப் நேயருக்கு ஒரு பதில்

லோயர் கேம்ப்லேருந்து ஒருத்தர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். வாய்க்கால் கரையில மாடு மேய்க்கிறவர். தண்ணியில இறங்கின கன்னுக்குட்டியோட கயிறு வேர்ல சிக்கிக்கிச்சு. இடுப்புல இருந்த மடக்குக் கத்தியை எடுத்தா, துருப்பிடிச்சு திறக்கவே மாட்டேங்குது. கடைசியில கல்லை வெச்சுத் தேய்ச்சுக் கயிறை அறுத்திருக்கார். கன்னு பிழைச்சுது. "தண்ணிக்குப் பக்கத்துல கிடக்கிறவன் எந்தக் கத்தி வாங்கணும்ணே?" இதுதான் கேள்வி. நான் கத்திக்கடைக்காரன் இல்லை. ஆனா இந்தக் கேள்விக்கு இருநூறு வருஷ வரலாறு இருக்கு.

அவர் ஊர்த் தண்ணியிலிருந்தே ஆரம்பிப்போம். தேக்கடியில மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வந்து, ராட்சசக் குழாய்கள்ல இறங்கி, பெரியாறு மின் நிலையத்துல சக்கரத்தைச் சுத்திவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வயலுக்குப் போற தண்ணி அது. பென்னிகுவிக் அணையைக் கட்டி முடிச்சது 1895-ல். அந்தக் காட்டுல, அந்த மழையில வேலை செஞ்சவங்க கையில இருந்த அரிவாள், கோடாலி, உளி எல்லாமே துருப்பிடிக்கிற இரும்புதான். துருப்பிடிக்காத கத்தின்னு கடையில கேட்டு வாங்க ஒரு பொருளே அன்னைக்கு இல்லை.

அப்படி ஒரு உலோகத்தைத் தேடின கதையில நம்ம ஊர் எஃகுக்கும் பங்கு உண்டு. தென்னிந்தியாவுல மண் மூசையில வெச்சு உருக்கின எஃகை ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்'னு கூப்பிட்டாங்க. கார்பன் அதிகம், அதனால கூர் நிற்கும். ஆனா துரு பிடிக்கும். இந்த வூட்ஸை 1819 வாக்கில் லண்டனில் ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. ஆமா, மின்சாரத்துக்குப் பேர் போன அதே ஃபாரடே, ஒரு கொல்லரோட மகன். கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோட சேர்ந்து, எஃகோட வெள்ளி, பிளாட்டினம், நிக்கல்னு ஒவ்வொண்ணாக் கலந்து பார்த்தார். குரோமியமும் கலந்தாங்க, ஆனா ரொம்பக் கொஞ்சம். 1821-ல் பிரான்ஸில் பெர்த்தியே, குரோமியம் சேர்ந்த இரும்பு அமிலத்தைத் தாங்குதுன்னு கண்டுபிடிச்சார். 1892-ல் ஹாட்ஃபீல்டு கந்தக அமிலத்துல நனைச்சுப் பார்த்துட்டு, குரோமியம் சேர்த்தா அரிப்பு கூடத்தான் செய்யுதுன்னு எழுதிட்டார். சாதாரணத் தண்ணியில நனைச்சிருந்தா வேற பதில் கிடைச்சிருக்கும். எந்தத் தண்ணிங்கறது முக்கியம். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

1913 ஆகஸ்ட்ல ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி உருக்கின எஃகுல குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம். அவர் தேடினது துப்பாக்கிக் குழல் தேயாம இருக்க ஒரு எஃகு. அமிலம் அதை அரிக்கலைன்னு பார்த்ததும், இது சாப்பாட்டுக் கத்திக்கு ஆகும்னு புரிஞ்சுக்கிட்டார். ஊர்க் கத்திக்காரங்க முதல்ல சிரிச்சாங்க. வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்சவர்னு பட்டமே கொடுத்தாங்க!

கேலியில கொஞ்சம் நியாயம் இருந்துது. கத்திக்குக் கடினம் தர்றது கார்பன். துருவைத் தடுக்கிறது குரோமியம்: அது காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோலை மேல போர்த்திக்கும். கார்பனைக் கூட்டினா அது குரோமியத்துல ஒரு பங்கைத் தன்கூட இழுத்துக்கும், தோல் பலவீனமாகும். கூரை ஏத்தினா காப்பு இறங்கும். இன்னைக்கு வரைக்கும் எஃகு செய்யறவங்க இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் பேரம் பேசிக்கிட்டிருக்காங்க.

இங்கதான் நம்ம ஊர்ல ஒரு குழப்பம். நாம எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் வெச்சுப் பார்ப்போம். ஒட்டலைன்னா நல்ல சரக்கு. பாத்திரத்துக்கு அது ஓரளவு சரி. அதுல நிக்கல் இருக்கும், காந்தம் ஒட்டாது. ஆனா அந்த வகையைச் சூடாக்கித் தண்ணியில முக்கினாலும் கடினமாகாது. கூர் பிடிக்கிற துருவேறா எஃகு வேற வகை, அதுல காந்தம் நல்லாவே ஒட்டும். அதனால, காந்தம் ஒட்டுதேன்னு கத்தியைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க.

சரி, அண்ணனுக்கு என்ன பதில்? உப்புதான் அந்தத் தோலை ஓட்டை போடும். ராமேஸ்வரத்துல வலை அறுக்கிறவருக்கு இருக்கிற தொல்லை லோயர் கேம்ப்ல இல்லை. பெரியாறு நல்ல தண்ணி. விலை கூடின கடல் கத்தி உங்களுக்கு வேண்டாம். 13 சதவீதம் குரோமியம், அரை சதவீதம் சுமார் கார்பன் இருக்கிற சாதாரணத் துருவேறாக் கத்தி தாராளமாப் போதும்.

ஆனா மடக்குக் கத்தி வேண்டாம். அலகு நல்ல எஃகா இருந்தாலும், உள்ளே இருக்கிற ஆணியும் ஸ்பிரிங்கும் மட்டமான இரும்பா இருக்கலாம், ஈரமும் அங்கதான் தேங்கும். உங்க கத்தியில பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும். மடங்காத கத்தி, பிளாஸ்டிக் உறை. உறைக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கணும், தண்ணி வடியட்டும். தோல் உறை பார்க்க அழகுதான், ஆனா ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். காத்துப் படலைன்னா அந்தக் குரோமியத் தோல் கிழிஞ்ச இடத்துல மறுபடி வளராது.

உங்க அப்பா வெச்சிருந்த கருக்கரிவாளைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வேலை முடிஞ்சதும் துணியால துடைச்சு ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினா அது உங்க பேரனுக்கும் வரும். கன்னுக்குட்டிக் கயிறுக்கு மட்டும் அந்தப் புதுக் கத்தி இடுப்புலயே இருக்கட்டும்.