ஆவர்த்தனச் சார்புகளும் மாதிரிப் புள்ளிகளும்: வாவியின் நீர்மட்டம் முதல் பளிங்கின் சாலகம் வரை

மட்டக்களப்பு வாவி என்றதும் பாடுமீனை நினைப்போரே பலர். இக்கட்டுரைக்கு வேண்டியது அவ்வாவியின் நீர்மட்டம். முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்திற் கடலின் வற்றுப்பெருக்கு பாலமீன்மடுப் பக்கமாக வாவியினுட் புகுந்து மீளும். கோடையில் மணற்றடை வாயை அடைத்துவிடின் அவ்வசைவு நின்றுவிடும். வாய் திறந்திருக்குங் காலத்தில் வாவியின் சராசரி மட்டத்தை அறிய விழையும் ஒருவர், அளவுகோலொன்றை நட்டு, நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அதனை வாசித்து வருகிறார் எனக் கொள்வோம். சந்திரனால் விளையும் வற்றுப்பெருக்கின் ஆவர்த்தன காலம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடமாகும். எனவே அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திச் செல்லும். பதினைந்து நாள் வாசிப்புகள் அவ்வலையின் எல்லாக் கட்டங்களையும் சீராகத் தொட்டுவிடுவதால், சராசரியில் அதன் பங்கு பெரும்பாலும் நீங்கிவிடும். சூரியனால் விளைவதன் காலமோ சரியாக 12 மணி. காலை ஆறு மணிக்கு அது என்றும் ஒரே கட்டத்திலேயே நிற்கும். ஓராண்டு முழுவதும் வாசித்தாலும் அதனால் வந்த பிழை குறையப்போவதில்லை. அதற்குப் பதிலாகக் காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு என இரு வேளைகளிலும் வாசித்தால், ஒன்றின் மிகை மற்றதன் குறைவால் ஈடாகிப் பிழை அகலும். எத்தனை தடவை அளந்தோம் என்பதைக் காட்டிலும் எவ்வெவ்விடத்து அளந்தோம் என்பதே இங்கு முதன்மை பெறுகிறது.

ஆவர்த்தனமான ஒரு சார்பை அடிப்படை அலையும் அதன் மடங்குகளும் சேர்ந்த கூட்டாகக் காணலாம் என்ற கருத்தைப் பூரியே தமது 1822ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்தார். நரம்பின் ஒலியில் இதனை எளிதில் உணரலாம். அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக் காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள், பழந்தமிழ் யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணித அளவைகளால் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டமை தமிழுலகு அறிந்ததே. இசையைக் கணக்காகவும் நோக்கலாம் என்ற அப்பார்வை இப்பொருளுக்கும் பொருந்தும். உயர்ந்த மடங்குகள் வலுவற்றிருக்கும் சார்பொன்றின் சராசரியைப் பெறச் சில புள்ளிகளே போதும். அவை சம இடைவெளியில் அமைதல் வேண்டும்.

இதன் வியத்தகு விளைவை 1820களிலேயே புவாசோன் நீள்வளையத்தின் சுற்றளவைக் கொண்டு காட்டினார். நீளச்சும் சிற்றச்சும் ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் உள்ள நீள்வளையத்தை எடுத்துக்கொள்வோம். நீளச்சின் அரைப்பங்கை ஆரையாகக் கொண்ட வட்டத்தின் சுற்றளவை 1 என வைத்தால், இந்நீள்வளையத்தின் சுற்றளவு 0.90278 ஆகும். இதனைத் தரும் சார்பின் பெறுமானத்தை வட்டத்தைச் சுற்றி எட்டுச் சம புள்ளிகளிற் கணித்துச் சராசரி எடுப்பின் 0.90277 கிடைக்கும். அவ்வெட்டினும் சமச்சீர் காரணமாக 0, 45, 90 பாகைகளாகிய மூன்று பெறுமானங்களே உண்மையிற் கணிக்கப்பட வேண்டியவை. கையினாற் செய்துவிடக்கூடிய கணக்கு!

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். 1898இல் தமிழகத்து வத்திராயிருப்பிற் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், 1928இல் இராமனுடன் இணைந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர் என்றே பெரும்பாலும் நினைக்கப்படுகிறார். ஆசானின் நிழல் அவர்மீது நீண்டு விழுந்துவிட்டது. டாக்காவிலும் கல்கத்தாவிலும் பளிங்குகளின் காந்தப் பண்புகளை அவர் ஆராய்ந்ததையும், 1936இல் கத்லீன் லொன்ஸ்டேலுடன் சேர்ந்து அத்துறையிற் கட்டுரை வெளியிட்டதையும் துறைசார்ந்தோரே அறிவர். அவற்றினும் குறைவாக அறியப்பட்டது அவரது 1948ஆம் ஆண்டுக் கணிதக் குறிப்பு. அப்போது அவர் டில்லியிலிருந்த தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளர். 'நேச்சர்' இதழிலும் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலும் அவ்வாண்டு வெளிவந்த அக்கட்டுரைகள், சில முடிவிலித் தொடர்களின் கூட்டுத்தொகை அவற்றுக்குரிய தொகையீட்டுக்குச் சரியாகச் சமமாகும் என்பதைக் கூறின. 'ஏறக்குறையச் சமம்' என்பதன்று, சரிசமம்.

எடுத்துக்காட்டாக, ஓர் எண்ணின் சைனை அவ்வெண்ணால் வகுத்து வர்க்கப்படுத்தினாற் கிடைக்கும் சார்பை நோக்குக. ஒளியின் கோணலிற் பௌதிகம் பயில்வோர் அடிக்கடி காண்பது இதுவே. எண்கோடு முழுவதிலும் இதன் தொகையீடு பை என்னும் மாறிலி. அக்கோட்டில் ஒரே இடைவெளியிற் புள்ளிகளை இட்டு, அங்குள்ள பெறுமானங்களைக் கூட்டி இடைவெளியாற் பெருக்குக. இடைவெளி பையை மிஞ்சாதிருக்கும்வரை, எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் விடை பையே. இடைவெளியை இருமடங்காக்கினால் நிலைமை தலைகீழாகிவிடும். பூச்சியத்திலிருந்து தொடங்கினால் உண்மையின் இருமடங்கும், பை என்ற இடத்திலிருந்து தொடங்கினால் வெறும் பூச்சியமும் வரும். நாளுக்கு ஒரு தடவை மட்டும் வாவியை நோக்கியவரின் இடர்ப்பாடு இதுவேயன்றோ. குறித்த எல்லைக்கு மேற்பட்ட மீடிறன்கள் இச்சார்பில் இல்லை என்பதே காரணமாகும். இல்லாத மீடிறனைத் தேடி நெருக்கமாகப் புள்ளியிடுவது வீண்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். பிற்காலத்துக் கண்டுபிடிப்புகள் யாவும் எம்மவர் முன்னரே கண்டவை எனக் கூறும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது ஆராய்ச்சி ஆகாது. கிருஷ்ணன் 1948இற் கூறியது எண்கோட்டின்மீது பரந்த சார்புகளைப் பற்றியதாகும். பளிங்கிலுள்ள இலத்திரன்களைக் கணிப்போர் எதிர்கொள்வது முப்பரிமாண ஆவர்த்தனச் சார்பு. ஆயினும் இரண்டின் கீழும் ஓடும் வேர் புவாசோனின் கூட்டல் விதியே. கணிப்பு நூல்களில் இவ்வரலாறு 1973இல் தொடங்குவதாகவே சொல்லப்படுவது வழக்கம். அவ்வழக்கம் நம் பார்வையைக் குறுக்குகிறது என்பதே எம் முறைப்பாடு.

பளிங்கில் அணுக்கள் ஒரு சாலகமாக மீண்டும் மீண்டும் அமைந்துள்ளன. அதிலுள்ள இலத்திரனின் சக்தி, பிரில்லூவன் வலயம் எனப்படும் வேறொரு வெளியில், ஓர் ஆவர்த்தனச் சார்பாக அமையும். பளிங்கின் மொத்தச் சக்தியை அறிய அவ்வலயம் முழுவதும் தொகையிடல் வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழுச் சக்திச் சொட்டுச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியிருப்பதால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு. பெருங் கணனிகள் வாய்க்காத நாட்டிற்கு அவ்விலை இன்னும் கூடுதலாகும். வலயத்தின் மையமே சமச்சீர் மிக்கதாதலால் அங்குக் கணிப்பதே இயல்பெனத் தோன்றும். உண்மையில் மாதிரிக்கு அதுவே மிகப் பொல்லாத இடம். அங்கு எல்லா மடங்கலைகளும் ஒருங்கே உச்சத்தில் நிற்கின்றன.

1973இல் பல்டரெஸ்கி இதற்கு நேரெதிரான புள்ளியைத் தேடினார். எளிய கனசதுரச் சாலகத்தில் மூன்று அச்சுகளிலும் காற்பங்குத் தூரத்திலுள்ள புள்ளியில், முதல் மூன்று வகை மடங்கலைகளும் ஒருசேர மறைகின்றன. அவ்வொரு புள்ளியின் பெறுமானமே சராசரிக்கு நல்ல அண்ணளவாகிறது. அதே ஆண்டில் சாடியும் கோயனும் இக்கருத்தை விரித்துச் சிறப்புப் புள்ளிகளின் தொகுதிகளை உருவாக்கினர். 1976இல் மொங்கோர்ஸ்ட், பாக் ஆகிய இருவரும், அத்தொகுதிகளைத் தேடி அலையாது, மையத்தைத் தவிர்த்த சம இடைவெளி வலையாகவே பெறும் எளிய சூத்திரத்தைத் தந்தனர். அச்சொன்றுக்கு நான்கு புள்ளிகள் வைத்தால் 64 புள்ளிகள் வரும். கனசதுரத்தின் 48 சமச்சீர்ச் செயல்களால் அவை நான்காகச் சுருங்கி, 8, 24, 24, 8 என்ற நிறைகளைப் பெறும். அச்சொன்றுக்கு இரண்டே வைத்தால் எட்டுப் புள்ளிகளும் ஒன்றாகி, பல்டரெஸ்கியின் அதே புள்ளி கிடைக்கும்.

இத்தனைச் சிக்கனமும் காவலிகளுக்கும் குறைகடத்திகளுக்கும் பொருந்தும். அவற்றிற் சார்பு வழுவழுப்பானது. தொலைவிலுள்ள சாலகப் புள்ளிகளுக்குரிய மடங்கலைகள் விரைந்து தேய்கின்றன. உலோகத்தில் நிரம்பிய நிலைகளும் வெறுமையான நிலைகளும் சந்திக்கும் பேர்மி மேற்பரப்பிற் சார்பு திடீரென முறிகிறது. முறிந்த சார்பில் உயர்ந்த மடங்குகள் எளிதில் ஓய்வதில்லை. வலயத்தை நான்முகிகளாகப் பிரிக்கும் முறை 1970களின் தொடக்கத்தில் எழுந்ததும், அம்முறிவை மென்மைப்படுத்தும் வழியொன்றை மெத்பெசலும் பாக்ஸ்டனும் 1989இல் வகுத்ததும் இதனாலேயே. உலோகங்களைக் கணிப்போர் இன்றும் புள்ளிகளை அடர்த்தியாக்கிப் பார்த்து, விடை அசையாது நின்ற பின்னரே அதனை ஏற்கின்றனர்.